ஊர்ப் பசங்களுக்கு எச்ஐவி கூட்டம் போடப் போறீங்களா? நான் பட்ட பாட்ட நீங்களும் படாம இருக்க

காரைக்குடிலேருந்து பள்ளத்தூர் போற பக்கம் எங்க ஊரு, நான் வச்சிருக்கிறது ஒரு ஜெராக்ஸ் கடை. எய்ட்ஸ் பத்தி பேச உனக்கு என்ன தகுதின்னு கேட்டா ஒண்ணுமில்லைங்க. எங்க இளைஞர் மன்றத்துல "டிசம்பர் 1 எய்ட்ஸ் தினத்துக்கு நம்ம ஊர்லயும் ஏதாச்சும் பண்ணுவோம்டா"ன்னு பேச்சு வந்தப்ப எல்லாப் பயலும் என்னையத்தான் திரும்பிப் பாத்தானுங்க, நோட்டீசு ஓசில அடிச்சுக்கலாம்ல.

மொதத் தடவ சொதப்பல்னா அப்படி ஒரு சொதப்பல். பிள்ளையார் கோயில் பொட்டல்ல மைக் செட் கட்டி, மண்டையோடு படம் போட்டு ஒரு ஃபிளக்ஸ் வச்சு, "இளைஞர்கள் எல்லாரும் வரிசையா வந்து ரத்தப் பரிசோதனை செஞ்சுக்கங்க"ன்னு நானே மைக்ல கத்துனேன். வந்தது 11 பேரு. அதுல 7 பேரு ஏற்கனவே அந்தத் திண்ணைல உக்காந்திருந்த பெரியவங்க. டெஸ்ட் எடுக்க வந்த அக்கா நாலு மணிலேருந்து ஆறு மணி வரைக்கும் டேபிளப் போட்டு உக்காந்துட்டு ஒரு ஊசியக்கூடப் பிரிக்காம கெளம்பிட்டாங்க. போறப்ப ஒண்ணு சொன்னாங்க: "தம்பி, அயித்தையும் மாமனும் பங்காளியும் பாத்துக்கிட்டு நிக்கிற எடத்துல எவன் தம்பி கைய நீட்டுவான்?"

அந்த ஒரு வார்த்தைதான் இந்தக் கட்டுரையே. ரெண்டாவது தடவ ஒழுங்கா செஞ்சோம், 34 பேரு வந்தாங்க, அடுத்த ரெண்டு மூணு வாரத்துல பசங்க அவங்கவங்களாவே போய் டெஸ்ட் எடுத்துட்டு வந்தாங்க. எத்தன பேருன்னு எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது, அது ஏன்னு கீழ வரும்.

1. மொதல்ல நீங்க போய் டெஸ்ட் எடுங்க

நான் இதைச் செய்யாமத்தான் மைக்கப் புடிச்சேன். ஒரு பொடியன் "அண்ணே நீங்க எடுத்துட்டீங்களா"ன்னு கேட்டான், மூஞ்சிய எங்க வச்சுக்கிறதுன்னே தெரியல.

அரசு ஆஸ்பத்திரிகள்ல "நம்பிக்கை மையம்"னு ஒரு ரூம் இருக்கும், அதான் எச்ஐவி டெஸ்ட் எடுக்கிற எடம். காரைக்குடி, சிவகங்கை மாதிரி பெரிய ஆஸ்பத்திரின்னு இல்ல, நெறைய ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் இந்த டெஸ்ட் உண்டு. வாசல்ல நின்னு "எய்ட்ஸ் டெஸ்ட் எங்க எடுக்குறாங்க"ன்னு கேக்கக் கூச்சமா இருந்தா "நம்பிக்கை மையம் எங்கக்கா"ன்னு மட்டும் கேளுங்க, கைகாட்டி விட்டுருவாங்க.

உள்ள நடக்குறது இதான். கவுன்சலர் தனியா உக்கார வச்சுப் பேசுவாங்க, எதுக்கு வந்தீங்க, எப்ப கடைசியா பயப்படுற மாதிரி ஏதாச்சும் நடந்துச்சு, ரிசல்ட் எப்படி வந்தாலும் என்ன செய்யலாம்னு. அப்புறம் உங்க சம்மதம் கேட்டுத்தான் ரத்தம் எடுப்பாங்க. ரிசல்ட்டும் திரும்ப உக்கார வச்சுத்தான் சொல்லுவாங்க. எனக்கு அன்னிக்கே மத்தியானத்துக்குள்ள சொல்லிட்டாங்க. காசு ஒத்த ரூபா கிடையாது. எங்கிட்ட பேரு, வயசு, ஊரு, போன் நம்பர் கேட்டாங்க, ஆதார் கேக்கல. சாப்புட்டுட்டே போலாம், வெறும் வயித்துல போகணும்னு எவனோ கெளப்பி விட்டதை நம்பி பட்டினியாப் போயி ரூம் வாசல்ல தலை சுத்தி உக்காந்தது நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

நேரம் முக்கியம். காலைல ஒம்பது ஒம்பதரைக்குள்ள போய்ட்டா நிம்மதி. செவ்வாய்க்கிழமைய விட்ருங்க, அன்னிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துல கர்ப்பிணிப் பொண்ணுங்க செக்கப் நாளு, அவங்களுக்கும் இதே டெஸ்ட் எடுக்கணும், லேப்ல நிக்க எடமிருக்காது.

2. யாரைப் பாக்கணும், என்ன லெட்டர் குடுக்கணும்

டெஸ்ட் எடுக்கப் போறப்பவே அந்தக் கவுன்சலர்கிட்ட "எங்க ஊர்ப் பசங்களுக்கு வந்து பேசுவீங்களா"ன்னு கேட்டுருங்க. அவங்க வேலையில ஒரு பங்கே இதுதான், சந்தோசமா வருவாங்க. ஆனா வாய்ச்சொல்லுக்கு வர முடியாது, மேல அதிகாரிகிட்ட அனுமதி வாங்கணும், அதுக்கு ஒரு லெட்டர் வேணும்.

லெட்டர் ஆஸ்பத்திரி மருத்துவ அதிகாரி பேருக்குப் போகணும். மன்றத்து லெட்டர்பேடு இருந்தா நல்லது, இல்லேன்னா வெள்ளத்தாள்ல எழுதி ரெண்டு மூணு பேரு கையெழுத்து போட்டா போதும். அதுல இருக்க வேண்டியது: எந்த ஊரு, எந்த எடம், எந்தத் தேதி, எத்தன மணி, எத்தன பேரு வருவாங்க, என்ன வயசு, உங்க போன் நம்பர். ரெண்டு காப்பி எடுத்துட்டுப் போயி ஒண்ணுல சீல் போட்டு வாங்கிட்டு வந்துருங்க. நான் ஜெராக்ஸ் கடை வச்சிருக்கவன், நானே ஒரே காப்பிய எடுத்துட்டுப் போயி அதையும் குடுத்துட்டு வந்து, ஒரு வாரம் கழிச்சு "எந்த லெட்டர்?"னு கேட்டப்ப முழிச்சேன்.

நம்ம பக்கத்துக்குன்னே ஒரு கண்ணி இருக்கு. செட்டிநாடுன்னு ஒண்ணாச் சொல்லிக்கிறோமே ஒழிய, இது ரெண்டு மாவட்டத்துல கெடக்கு. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயல் எல்லாம் சிவகங்கை. பொன்னமராவதி, ராயவரம், திருமயம் எல்லாம் புதுக்கோட்டை. பக்கத்து ஊர் நண்பன் எழுதுன லெட்டர அப்படியே காப்பியடிச்சு, மாவட்டத்தை மாத்தாம எங்க ஆளு ஒருத்தன் குடுத்துட்டு வந்தான், அதுல நாலு நாள் போச்சு. கூட்டத்துக்குத்தான் இந்த மாவட்டக் கணக்கு, டெஸ்ட்டுக்குக் கிடையாது. டெஸ்ட் எந்த ஊர்ல வேணா எடுக்கலாம், அது எவ்வளவு பெரிய வசதின்னு அப்புறம் சொல்றேன்.

பஞ்சாயத்துத் தலைவர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிருங்க. கோயில் எடம்னா ஊர்ப் பெரியவங்ககிட்டயும். "என்னத்தடா பசங்களக் கெடுக்குறீங்க"ன்னு ஒரு குரல் கட்டாயம் வரும். எங்க ஊர்ல ஒரு ஆச்சி கேட்டாங்க. நான் சண்டை போடல, "ஆச்சி, உங்க பேரன் சிங்கப்பூர் போறான், போற எடத்துல பத்திரமா இருக்கணும்ல"ன்னேன். அப்புறம் அவுங்களே சுண்டல் அவிச்சுக் குடுத்தாங்க.

லெட்டர் குடுத்து தேதி உறுதியாக எங்களுக்கு 12 நாள் ஆச்சு. டிசம்பர் 1-ஐ ஒட்டித்தான் வேணும்னு புடிவாதம் புடிச்சா அன்னிக்கு அவங்களுக்கு ஊரெல்லாம் நிகழ்ச்சி இருக்கும், உங்க ஊருக்கு ஆள் கெடைக்கிறது கஷ்டம். ஜனவரி கடைசி, இல்ல ஆகஸ்ட்ல வைங்க. காலேஜ்ல படிக்கிற பசங்க இருந்தா அங்க செஞ்சுருள் சங்கம் (ரெட் ரிப்பன் கிளப், எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கான மாணவர் சங்கம்) இருக்கான்னு கேளுங்க, இருந்தா அந்தப் பேராசிரியர் மூலமாப் போறது ரொம்ப சுலபம், பேசிப் பழகுன மாணவங்களும் கெடைப்பாங்க.

3. எடமும் நாளும்

பொட்டல் வேண்டாம், மைக் வேண்டாம், ஃபிளக்ஸ் வேண்டவே வேண்டாம். ரெண்டாவது தடவ நாங்க புடிச்சது கபடி ஆடுற எடத்துக்குப் பக்கத்துல ஒரு பழைய வீட்டு வளவு, அதாவது உள்முத்தம். கதவச் சாத்துனா வெளிய சத்தம் போகாது. பசங்க வெளையாட வர்ற மாதிரி வந்தாங்க, யாரும் "எங்கடா போற"ன்னு கேக்கல.

பொண்ணுங்களுக்குத் தனியா, வேற நாள், பொம்பளக் கவுன்சலரோ நர்சோ வச்சு நடத்துங்க. சேத்து வச்சா ரெண்டு பக்கமும் வாயத் தொறக்காது. இதுல முற்போக்கு பேசி நான் ஒரு தடவ தோத்துட்டேன்.

மார்கழில இருந்து தைப் பொங்கல் முடியிற வரைக்கும் பசங்க கையில சிக்க மாட்டானுங்க, சிராவயல் மஞ்சுவிரட்டு முடியிற வரைக்கும் மாட்டப் பத்தித்தான் பேச்சு. மாசி பங்குனில காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மனுக்குப் பால்குடம், காப்புக் கட்டுன வீட்டுல இந்தப் பேச்ச எடுத்தா வெளக்குமாறுதான் வரும். பரீட்சை நேரமும் கிடையாது. ஞாயித்துக்கெழம சாயங்காலம் அஞ்சு மணி நல்ல நேரம், ஆனா கவுன்சலருக்கு அன்னிக்கு லீவு, கெஞ்சணும். எங்களுக்கு சனிக்கிழம சாயங்காலம் அமைஞ்சுச்சு.

4. செலவு

மொதத் தடவ மைக் செட், சேர், ஃபிளக்ஸ், பொன்னாடைன்னு 4,300 ரூபா போச்சு, பலன் சைபர். ரெண்டாவது தடவ டீ, வடை, சுண்டல் (ஆச்சி உபயம்), கவுன்சலர் அக்காவுக்கு ஆட்டோ, வெள்ளத்தாள், ஒரு அட்டைப்பெட்டி எல்லாம் சேத்து 1,150. கவுன்சலருக்குக் காசு குடுக்க வேண்டாம், வாங்கவும் மாட்டாங்க. நோட்டீசும் படமும் கேட்டா அவங்களே கொண்டு வருவாங்க, ஆணுறையும் ஆஸ்பத்திரில சும்மாவே கெடைக்கும். "எய்ட்ஸ் விழிப்புணர்வு நிகழ்ச்சிக்கு நன்கொடை"ன்னு ரசீதுப் புத்தகம் தூக்கிட்டுப் போகாதீங்க, மொத வீட்டுலயே பேரு கெட்டுப் போயிரும்.

5. என்ன பேசணும், எப்படிப் பேசணும்

பயமுறுத்துறதுதான் பெரிய தப்பு. மண்டையோடு, எலும்பும் தோலுமா ஒரு ஆள் படம், "எய்ட்ஸ் வந்தால் மரணம்", இதையெல்லாம் பாத்தவன் டெஸ்ட்டுக்கு வர மாட்டான், ஓடி ஒளிவான். இன்னிக்கு நெலம அப்படியும் இல்ல. ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை, அதையும் அரசாங்கமே இலவசமாத் தருது, ஒழுங்கா எடுத்தா எல்லாரையும் போல வேலைக்குப் போயி, கல்யாணம் கட்டி, புள்ளை பெத்து இருக்கலாம். இத மொதல்லயே சொல்லிருங்க, அப்புறம்தான் பசங்க காது குடுப்பாங்க.

எச்ஐவிங்கிறது கிருமி, எய்ட்ஸ்ங்கிறது அந்தக் கிருமிய வைத்தியம் பாக்காம விட்டு எதிர்ப்புச் சக்தி எல்லாம் போனப்புறம் வர்ற நெலம. எச்ஐவி இருக்கவங்க எல்லாருக்கும் எய்ட்ஸ் கிடையாது. பாத்தாலும் தெரியாது, எத்தனையோ வருசம் எந்த அறிகுறியும் இல்லாம இருக்கலாம், அதனால "நல்லா ஜிம் பாடியாத்தானே இருக்கான்"ங்கிற கணக்கெல்லாம் செல்லாது.

பரவுறது நாலே வழி. ஆணுறை இல்லாத உடலுறவு, கிருமி இருக்கிற ரத்தம் ஏத்துறது, ஒருத்தருக்குப் போட்ட ஊசிய இன்னொருத்தருக்குப் போடுறது, தாய்கிட்ட இருந்து குழந்தைக்கு. ஊசின்னா ஆஸ்பத்திரி ஊசி மட்டும் இல்ல, போதைக்குப் போடுற ஊசியும்தான். நம்ம ஊர்ல அதெல்லாம் கிடையாதுன்னு நான் சொன்னப்ப பின்னாடி ரெண்டு பேரு ஒருத்தன ஒருத்தன் பாத்துக்கிட்டானுங்க, அதுக்கப்புறம் நான் அப்படிச் சொல்றத விட்டுட்டேன். தாய்கிட்ட இருந்து போறதுல, வைத்தியமே இல்லேன்னா நூத்துக்கு 15-லேருந்து 45 வரைக்கும் குழந்தைகளுக்குப் போக வாய்ப்பு இருக்கு, தாய் மாத்திரை ஒழுங்கா எடுத்தா அது நூத்துக்கு அஞ்சுக்கும் கீழ வந்துரும். கர்ப்பிணி டெஸ்ட் எதுக்குன்னு இப்பப் புரியும்.

ஒரே தட்டுல சாப்புடுறது, கை குடுக்குறது, கட்டிப்புடிக்கிறது, கொசு, ஊருணித் தண்ணி, கக்கூஸ், இதுல எதுலயும் வராது.

ஆணுறை பத்தி மேலோட்டமாப் பேசிட்டுப் போகாதீங்க, ஆணுறை போடுற விதத்தைக் காட்டச் சொல்லி கவுன்சலர்கிட்ட முன்னாடியே கேட்டு வைங்க. காலாவதித் தேதி பாக்கணும், பல்லால கிழிக்கக் கூடாது, பர்சுல மாசக்கணக்கா வச்சு சூடேறுனது ஆகாது, ஒண்ணு மேல ஒண்ணு ரெண்டு போட்டா கூடுதல் பாதுகாப்புன்னு நெனைக்கிறது தப்பு, உரசிக் கிழியும். தேங்கா எண்ணெ, வேசலின் தடவுனா ரப்பர் பலம் போயிரும். ஒரு தடவைக்கு ஒண்ணு, அவ்வளவுதான். சிரிப்பானுங்க, சிரிக்கட்டும், சிரிச்சா கேக்குறான்னு அர்த்தம்.

6. சீட்டுப் பெட்டி

எங்க ரெண்டாவது கூட்டத்தக் காப்பாத்துனது இதுதான். ஷூ அட்டைப்பெட்டில ஓட்டை போட்டு, ஆளுக்கு ஒரு வெள்ளச் சீட்டு, ஒரே கலர் பேனா. எல்லாரும் ஏதாச்சும் எழுதியே ஆகணும், கேள்வி இல்லேன்னா "சுண்டல் நல்லாருக்கு"ன்னாவது எழுதிப் போடுன்னு சொல்லிட்டோம், அப்பத்தான் எழுதுறவன் யாருன்னு தெரியாது. (எட்டுச் சீட்டு சுண்டலுக்கே வந்துச்சு.) கையெழுத்து தெரிஞ்சுக்கிற ஆளு, அதாவது உள்ளூர்க்காரன், சீட்டப் பிரிக்கக் கூடாது. கவுன்சலரே பிரிச்சுப் படிக்கணும். படிச்சு முடிச்சதும் அங்கயே கிழிச்சுறணும்.

வந்த கேள்விகள்ல சிலது, உங்க ஊர்லயும் இதேதான் வரும்:

சலூன்ல ஷேவிங் பண்ணா வருமா? காஞ்சு போன ரத்தத்துல இந்தக் கிருமி பொழைக்காது, வாய்ப்பு ரொம்பக் கம்மி. ஆனாலும் புது பிளேடு போடச் சொல்லுங்க, மஞ்சக்காமாலை பி-ன்னு ஒண்ணு இருக்கு, அது இதைவிட சுலபமாத் தொத்தும்.

திருவிழாக் கடையில பச்சை குத்திக்கிட்டேன், பயமா இருக்கு. இது நெசமாவே கவனிக்க வேண்டியது. ஒரே ஊசில வரிசையா பத்துப் பேருக்குக் குத்துற எடம்னா கையக் குடுக்காதீங்க. குத்தியாச்சுன்னா போய் டெஸ்ட் எடுத்துருங்க, எச்ஐவி மட்டும் இல்ல, மஞ்சக்காமாலை டெஸ்ட்டும் கேளுங்க.

ஒரே தடவதான் போனேன், ஒரு தடவைல வருமா? வரலாம், வராமலும் இருக்கலாம், டெஸ்ட்டத் தவிர வேற வழியில தெரியாது.

ரத்த தானம் குடுத்தா அவங்களே டெஸ்ட் பண்ணிருவாங்கல்ல, அது போதாதா? இந்தக் கேள்விக்குக் கவுன்சலர் அக்கா மொகமே மாறிப் போச்சு. தானம் குடுக்குற ரத்தத்தை எல்லாம் எச்ஐவிக்கு டெஸ்ட் பண்ணுவாங்க, சரிதான், ஆனா புதுசாத் தொத்துன கிருமி டெஸ்ட்ல தெரிய நாளாகும், அந்த எடப்பட்ட நாள்ல நீங்க குடுத்த ரத்தம் தப்பிச்சு ஒரு பச்சப்புள்ளைக்கு ஏறிறலாம். சந்தேகம் இருந்தா தானம் குடுக்காதீங்க, நேரா நம்பிக்கை மையம் போங்க. தலைவர் பொறந்தநாளுக்கு ரத்ததானம்னு கூட்டமாப் போறப்ப "நான் வரல"ன்னு சொல்லக் கூச்சமா இருக்கும், நேத்துக் காய்ச்சல்னு சொல்லுங்க, முடிஞ்சுது.

கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு பேரும் எடுக்கலாமா? தாராளமா. பொண்ண மட்டும் எடுக்கச் சொல்லாதீங்க.

7. டெஸ்ட்டுக்கு அனுப்புறது

கூட்டத்தோட கூட்டமா டெஸ்ட் வேண்டாம். கூட்டம் முடிஞ்சதும் ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டுக் குடுங்க, அதுல நம்பிக்கை மையம் எங்க இருக்கு, எந்த நேரம் போகணும், 1097-ங்கிற இலவச உதவி எண், இவ்வளவுதான் இருக்கணும். அந்த எண்ணுக்குக் காசு கிடையாது, தமிழ்லயும் பேசலாம், பேரு சொல்ல வேண்டியதில்ல.

எந்த ஊர்ல வேணா எடுக்கலாம்னு சொன்னேன்ல, இங்கதான் அது கைகுடுக்கும். காரைக்குடி ஆஸ்பத்திரில சித்தப்பா மகன் வேலை பாக்குறான், தேவகோட்டைல அத்தாச்சி நர்சு, நம்ம பக்கத்துல யாருக்குத்தான் சொந்தம் இல்லாம இருக்கு? புதுக்கோட்டை பஸ்ஸு ஏறுனா ஒரு மணி நேரம், மதுரைக்கு ரெண்டு ரெண்டரை மணி நேரம், அங்க யாருக்கும் உங்களத் தெரியாது. பஸ் காசு மட்டும்தான் செலவு. கூடத் தொணைக்கு வர்றேன்னு நீங்களா கெளம்பாதீங்க, அவன் கேட்டா மட்டும் போங்க, போனாலும் வெளிய டீக்கடையில நில்லுங்க.

எத்தன நாள் கழிச்சு எடுக்கணும்ங்கிறதுலதான் எல்லாரும் ஏமாறுறாங்க. நேத்து ராத்திரி நடந்ததுக்கு இன்னிக்குக் காலைல டெஸ்ட் எடுத்து "இல்லை"ன்னு வந்தா அது ஒண்ணுக்கும் ஆகாது. ஒடம்புல கிருமி பூந்து டெஸ்ட்ல தெரியிற வரைக்கும் இருக்கிற காலத்த வின்டோ பீரியட்னு சொல்வாங்க. சாதாரண டெஸ்ட்டுக்கு மூணு வாரத்துலேருந்து மூணு மாசம் வரைக்கும் ஆகலாம். அதனால ஒரு டெஸ்ட் இப்ப, இன்னொண்ணு மூணு மாசம் கழிச்சு. அந்த மூணு மாசமும் ஆணுறை கட்டாயம்.

விரல்ல குத்தி எடுக்கிற டெஸ்ட்ல "ரியாக்டிவ்"னு வந்தா அதோட முடிவு கட்டிறாதீங்க. நம்பிக்கை மையத்துல மூணு வேற வேற டெஸ்ட் எடுத்து மூணும் ஒத்துப் போனாத்தான் எச்ஐவி இருக்குன்னு சொல்லுவாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் பிரைவேட் லேப்ல சில நூறு ரூபா குடுத்து ஒரே ஒரு டெஸ்ட் எடுத்து, அந்தத் தாள எந்த வெளக்கமும் இல்லாமக் கையில குடுத்து அனுப்பிட்டாங்க, பத்து நாள் சோறு தண்ணி இல்லாமக் கெடந்தாரு, அப்புறம் நம்பிக்கை மையத்துல எடுத்தப்ப இல்லைன்னு வந்துச்சு.

வளைகுடாவுக்கு வேலைக்குப் போறவங்களுக்கு மெடிக்கல்ல எச்ஐவி டெஸ்ட்டும் உண்டு. ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டி, பாஸ்போர்ட்டக் குடுத்துட்டு, கடைசியா மெடிக்கல்லதான் மொதத் தடவையாத் தெரிஞ்சுக்கிறதுங்கிறது ரொம்பக் கொடுமை, பணமும் போகும், உக்காந்து ஆறுதலா எடுத்துச் சொல்லவும் அங்க ஆளிருக்காது. பணம் கட்டுறதுக்கு முன்னாடியே இங்க சும்மா எடுத்துப் பாத்துருங்க.

18 வயசுக்குக் கீழ இருக்கவங்களுக்கு டெஸ்ட் எடுக்க அப்பா அம்மா இல்ல கார்டியன் சம்மதம் வேணும். பள்ளிக்கூடப் பசங்களுக்குப் பேசலாம், டெஸ்ட்டுக்குன்னு நீங்களாக் கூட்டிட்டுப் போகாதீங்க.

8. 72 மணி நேரக் கணக்கு

இது எனக்கே தெரியாது, கூட்டத்துலதான் தெரிஞ்சுக்கிட்டேன். ஆபத்தான ஒண்ணு நடந்துருச்சு, ஆணுறை கிழிஞ்சுருச்சு, யாராச்சும் பலாத்காரம் பண்ணிட்டாங்க, வேற ஆளுக்குப் போட்ட ஊசி குத்திருச்சுன்னா, கிருமி ஒடம்புல தங்காமத் தடுக்க மாத்திரை இருக்கு. 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், ரெண்டு மணி நேரத்துக்குள்ளன்னா இன்னும் நல்லது, 28 நாள் விடாம எடுக்கணும். நம்பிக்கை மையம் தொறக்கட்டும்னு திங்கக்கெழம வரைக்கும் காத்திருக்காதீங்க, பெரிய அரசு ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு ராத்திரியோட ராத்திரியாப் போங்க. மாத்திரை தேவையா இல்லையான்னு டாக்டர்தான் பாத்து முடிவு பண்ணுவாரு. மெடிக்கல் ஷாப்ல நீங்களா ஏதாச்சும் வாங்கி முழுங்குற வேலை வேண்டாம்.

9. ரிசல்ட்டுக்கு அப்புறம்

"என்னாச்சு மாப்ள"ன்னு கேக்கவே கேக்காதீங்க. நல்ல மனசோட கேட்டாலும் தப்பு. இன்னிக்கு நாலு பேருகிட்ட "இல்லை"ன்னு கேட்டு வாங்கிட்டீங்கன்னா நாளைக்கு வாயத் தொறக்காத அஞ்சாவது ஆளு மாட்டிக்குவான். எண்ணிக்கை கூட வேண்டாம்.

நான் பண்ணதுலயே பெரிய தப்பு மொதக் கூட்டத்துல எடுத்த போட்டோவ மன்றத்து வாட்ஸ்அப் குரூப்ல போட்டது. டெஸ்ட் டேபிள் பக்கத்துல சும்மா நின்ன ஒரு பயல "என்னடா, உனக்கு இருக்கா"ன்னு ஒரு மாசம் ஓட்டுனானுங்க, அவன் அம்மா எங்க கடைக்கு வந்து அழுதுட்டுப் போனாங்க. போட்டோ கிடையாது, வருகைப் பதிவேடு கிடையாது. கவுன்சலருக்கு நிகழ்ச்சி நடந்ததுக்கு அத்தாட்சி வேணும்னா சுவத்தையும் பெட்டியையும் எடுத்துக் குடுங்க, இல்ல மன்றத்துக்காரங்க மட்டும் நில்லுங்க.

யாராச்சும் அவனா வந்து "எனக்கு இருக்குன்னு சொல்லிட்டாங்கண்ணே"ன்னா, மொதல்ல உக்கார வச்சு ஒரு டீ வாங்கிக் குடுங்க. அடுத்து ஏஆர்டி மையம், அங்கதான் மாத்திரை. எந்த மையம்னு கவுன்சலரே சொல்லி லெட்டர் குடுத்து அனுப்புவாங்க. அங்க பதிவு பண்றப்ப முகவரிச் சான்றும் ரெண்டு போட்டோவும் கையில இருந்தா அலைச்சல் மிச்சம். ரத்த டெஸ்ட், சளி டெஸ்ட்னு (காசநோய் இருக்கான்னு பாக்க) எடுப்பாங்க, ஒரு நாள் முழுக்க ஆகும், வேலைக்கு லீவு சொல்லிட்டுப் போகணும். மாத்திரைய சீக்கிரமே ஆரம்பிச்சுருவாங்க, முந்தி மாதிரி எதிர்ப்புச் சக்தி எறங்குற வரைக்கும் காத்திருக்கிறது இப்ப இல்ல. மாத்திரைய விடாம எடுத்து ரத்தத்துல கிருமி டெஸ்ட்ல தெரியாத அளவுக்குக் கொறஞ்சு அப்படியே நின்னுட்டா, உடலுறவு மூலமா அடுத்தவங்களுக்குப் பரவாது. இத எத்தனையோ படிச்சவங்களுக்கே தெரியல. ஒடம்பு தேறிருச்சேன்னு பாதியில நிப்பாட்டுறவங்கதான் மாட்டிக்கிறாங்க, ஆயுசுக்கும் எடுக்கணும்.

சட்டமும் பக்கத்துல நிக்குது. 2017-ல வந்த எச்ஐவி எய்ட்ஸ் சட்டம் 2018 செப்டம்பர் 10-லேருந்து நடைமுறைல இருக்கு. சம்மதம் இல்லாம டெஸ்ட் எடுக்கக் கூடாது, ஒருத்தரோட நெலமய அடுத்தவங்ககிட்ட வெளியிடக் கூடாது, எச்ஐவின்னு சொல்லி வேலைய விட்டு அனுப்பவோ காலேஜ்ல சேக்க மாட்டேன்னோ சொல்லக் கூடாது. இவங்க மேல வெறுப்பப் பரப்புனா மூணு மாசத்துலேருந்து ரெண்டு வருசம் வரைக்கும் ஜெயில், ஒரு லட்சம் வரைக்கும் அபராதம். இத நான் கூட்டத்துல சத்தமாவே படிச்சேன், வாட்ஸ்அப்ல ஓட்டுன பயலுக தலையக் குனிஞ்சுக்கிட்டானுங்க.

10. மூணு மாசம் கழிச்சு

கூட்டம் நடந்த தேதிலேருந்து மூணு மாசம் எண்ணி காலண்டர்ல குறிச்சு வைங்க, ரெண்டாவது டெஸ்ட் எடுக்க வேண்டியவங்க மறந்துருவாங்க. அதுக்காக யாருக்கும் தனியா போன் பண்ணாதீங்க. குரூப்ல பொதுவா "அந்தச் சீட்டத் தொலச்சவங்க கடைக்கு வாங்க"ன்னு மட்டும் போடுங்க. நான் இப்ப கடையில ஜெராக்ஸ் மிசினுக்கு மேல, ஆதார் பிரிண்ட் ரேட்டு போர்டுக்குக் கீழ, அந்த 1097-ஐயும் நம்பிக்கை மையம் நேரத்தையும் சின்னதா ஒட்டி வச்சிருக்கேன். மிசின் ஓடுற நேரத்துல சில பேரு போனு அதப் படம் புடிக்க மெதுவா அந்தப் பக்கம் திரும்பும், நான் பேப்பர் அடுக்குற மாதிரி குனிஞ்சுக்குவேன்.